பழைய காரில் பவர் ஸ்டீயரிங் ஆயிலை முழுசாக மாற்றுவது எப்படி

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரின் பானெட்டைத் திறந்து, பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது, கார் புதிதாக வந்த அன்று ஊற்றிய அதே ஆயிலாகத்தான் இருக்கும். எஞ்சின் ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றிவிடுகிறோம். பிரேக் ஆயிலைக்கூட யாராவது ஞாபகப்படுத்துவார்கள். ஸ்டீயரிங் ஆயில் மட்டும், குறைந்தால் கொஞ்சம் ஊற்றி மூடுவதோடு சரி. பல கார் கம்பெனிகள் இதை எப்போது மாற்ற வேண்டும் என்று கையேட்டில் கெடு எதுவும் போடாததும் இதற்கு ஒரு காரணம்.

அந்த ஆயில் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் பம்ப் அதை அழுத்தி, முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்குக்கு அனுப்புகிறது. முழுசாக ஒடிக்கும்போது அழுத்தம் பல கார்களில் 70 முதல் 100 பார் வரை போகும். டயரில் நாம் வைக்கும் காற்றோ 2 பார் சொச்சம்தான். வருடக்கணக்கில் இந்த அழுத்தத்திலும் சூட்டிலும் சுற்றிச் சுற்றி ஆயில் கருகுகிறது. ஹோஸின் உள்பக்க ரப்பர் துகள் துகளாக உதிர்ந்து அதில் கலக்கிறது. பம்ப் தேய்ந்த உலோகத் தூளும் சேர்கிறது. இந்தக் கலவைதான், ஆயில் கசியாமல் தடுக்கும் ராக்கின் ரப்பர் சீல்களை உரசிக்கொண்டே போய்வருகிறது. ராக் மாற்றும் செலவோடு பார்த்தால் இரண்டு மூன்று லிட்டர் ஆயில் ஒன்றுமே இல்லை.

வேலை கஷ்டமானது இல்லை. கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான்: ஒன்று, தவறான ஆயில். மற்றொன்று, உள்ளே புகுந்துவிடும் காற்று. இந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறோம்.

முதலில் காரைப் பாருங்கள்

இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார் ஸ்டீயரிங். அதில் ஆயிலே கிடையாது. எஞ்சின் பக்கத்தில், மூடியில் ஸ்டீயரிங் வளையம் படம் போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தால் உங்களுடையது ஆயில் ஸ்டீயரிங். சில கார்களில் பம்பை பெல்ட்டுக்குப் பதிலாக மின்மோட்டார் சுற்றும். அதிலும் ஆயில் உண்டு. ஆனால் காற்று எடுக்கும் முறை காருக்குக் கார் மாறும் என்பதால் அதன் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் பெல்ட்டில் ஓடும் சாதாரண பம்புக்கு.

அடுத்து, ஆயிலைப் பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விட்டு நாலு நிமிடம் விடுங்கள். சிவப்பு ஆயில் என்றால் நல்ல நிலையில் இருக்கும்போது பேப்பரில் இளஞ்சிவப்பாகப் பரவும். பழுப்பாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நடுவில் கறுப்புப் புள்ளியாகத் துகள்கள் தங்கி, சுற்றிலும் காப்பி நிறத்தில் வளையம் விழுந்தால் ரப்பர் உதிர்கிறது என்று அர்த்தம். மோந்து பார்த்தால் கருகிய வாடை அடிக்கும். ஆயில் ஜிகினா போல மினுமினுத்தால் பம்ப் தேய்கிறது. புது ஆயில் தேய்மானத்தைத் தள்ளிப்போடும், ஆனால் போன உலோகம் திரும்பி வராது.

ஸ்டீயரிங் கனமாக இருப்பதற்கெல்லாம் ஆயில்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன் டயர்களில் காற்று குறைந்தால் கனக்கும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால், ஒடிக்கும்போது கீச்சென்று கத்தும், ஒரு நொடி கனத்துப் பின் இளகும். சக்கரம் திரும்புவதற்கான பால் ஜாயிண்ட் துரு ஏறி இறுகியிருந்தால் ஒடித்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. ஆயில் மாற்றினால் இதில் எதுவும் தீராது. ஒடிக்கும்போது "ஊஊ" என்று முனகல், ஆயிலில் நுரை, ஒரே சீராக இல்லாமல் விட்டுவிட்டுப் பிடிப்பது, இவைதான் ஆயிலைக் கைகாட்டும் அறிகுறிகள்.

லீக் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ராக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். அதைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே சளக் சளக் என்று ஆயில் ஆடினால் ராக் சீல் போய்விட்டது. பம்ப் புல்லிக்குப் பின்னால் ஈரம் இருந்தால் ஷாஃப்ட் சீல். பம்பிலிருந்து ராக்குக்குப் போகும் ஹை பிரஷர் ஹோஸில், ரப்பரும் உலோகமும் சேரும் இறுக்கிய இடத்தில் கசிவது பழைய கார்களில் ரொம்ப சகஜம். அதை மட்டும் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கலாம். லீக்கை நிறுத்தும் என்று விற்கும் மருந்துகள் சீலை ஊதவைத்து அடைப்பவை. ஊதிய ரப்பர் கொஞ்ச நாளில் மென்மையாகிக் கிழியும். வைத்துக்கொள்ள நினைக்கும் காரில் நான் அவற்றை ஊற்ற மாட்டேன்.

எந்த ஆயில்

மூடியின் மேலேயே எழுதியிருக்கும், இல்லையென்றால் ஓனர் கையேட்டில் இருக்கும். அதில் போட்டிருப்பது எதுவோ அதுதான். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலை நம்பி இறங்க வேண்டாம்.

பழைய டொயோட்டாக்கள் உட்பட நிறைய கார்களில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான சிவப்பு ஆயில், அதாவது ஏடிஎஃப், அதிலும் ஜெனரல் மோட்டார்ஸின் தரப் பெயரான டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்று குறிப்பிட்டிருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 கடைசியோடு நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பவை "டெக்ஸ்ரான் 3 தரத்துக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளர்கள் தங்கள் பொறுப்பில் போட்டு விற்பவை. பெயர் தெரிந்த ஆயில் கம்பெனியின் பாட்டிலாக, பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏற்றது என்று பின்பக்கம் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். டெக்ஸ்ரான் 6 அதைவிட இளகலானது. உங்கள் கார் கம்பெனி அதைப் போடலாம் என்று சொல்லியிருந்தால் தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஹோண்டா தன் கார்களுக்குத் தனி ஆயிலே வைத்திருக்கிறது. வேறு எதையும் ஊற்றினால் சீல் கெடும் என்று கையேட்டிலேயே எச்சரிக்கும். ஹூண்டாய், கியா கார்களில் மாடலையும் வருடத்தையும் பொறுத்து பிஎஸ்எஃப்-3 அல்லது பிஎஸ்எஃப்-4 என்ற பவர் ஸ்டீயரிங் ஆயில். ஃபோக்ஸ்வேகன், ஆடி, பிற்கால பிஎம்டபிள்யூ கார்களில் சிஎச்எஃப் வகைப் பச்சை ஆயில். அதே பிஎம்டபிள்யூவின் பழைய மாடல்களில் சிவப்பு ஏடிஎஃப். ஒரே கம்பெனிக்குள்ளேயே இப்படி மாறுவதால்தான் மூடியைப் பார்க்கச் சொல்கிறேன்.

நிறத்தை வைத்து ஆயிலைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். நிறம் என்பது கலந்த சாயம்தான். டப்பாவில் சிவப்பாக இருப்பதால் சிவப்பே சரி என்று ஆகிவிடாது. முன்பு யாரோ தவறாக ஊற்றியதாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் முழு ஃப்ளஷ், அதாவது பழையது மொத்தமும் வெளியேறும்வரை புது ஆயிலால் அலசுவது, கட்டாயம்.

பிரேக் ஆயில் மட்டும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஸ்டீயரிங் சீல்கள் மினரல், சிந்தெடிக் ஆயிலுக்காகச் செய்தவை, கிளைக்கால் பட்டால் ஊதிப்போகும். இரண்டு டப்பாவும் எஞ்சின் பக்கத்தில் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும் கார்களில் இந்தத் தவறு நடக்கிறது. தெரியாமல் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலான சின்ன, நடுத்தர கார்களில் மொத்தமே 1 லிட்டர் சுமார்தான் பிடிக்கும். ஃப்ளஷ் செய்ய 2 முதல் 3 லிட்டர் கையில் இருக்கட்டும். பாதி வேலையில் ஆயில் தீர்ந்தால், தூக்கி வைத்த கார் அப்படியே நிற்கும்.

தேவையான சாமான்கள்

ஜாக்கி, தூக்கிய காரைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு, பின் டயருக்குக் கட்டை. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச், அதன் நுனியில் செருகச் சின்ன டியூப். பிளையர். ராக்கிலிருந்து டப்பாவுக்கு ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் பொருந்துகிற அளவில் ஒரு மீட்டர் டியூப், இணைக்க ஒரு ஜாயின்ட். அளவு கோடு தெரிகிற காலி பாட்டில். டப்பாவின் குழாய் முனையை அடைக்க ரப்பர் மூடி. கிடைக்கவில்லை என்றால் சின்னத் துண்டு ஹோஸில் ஒரு போல்ட்டைச் செருகி அதையே மூடியாக மாட்டலாம். நூல் உதிராத துணி, கையுறை, கண்ணாடி. புது கிளிப் இரண்டு இருந்தால் நல்லது, பழைய கிளிப் பல நேரம் இழுவை விட்டிருக்கும். கூட ஒரு ஆள் இருந்தால் வேலை பாதியாகும்.

அவசரம் இல்லாதவர்களுக்கு: சிரிஞ்ச் வழி

ஹோஸ் எதையும் கழற்றாமல், டப்பாவில் இருப்பதை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு புது ஆயில் ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் அதையே செய்வது. மொத்தம் 1 லிட்டரில் டப்பா 400 மில்லி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவையில் பழைய ஆயில் 60 சதவீதம் மிச்சம். இரண்டாம் தடவையில் 36, பிறகு 22, 13, ஐந்தாவது தடவையில் 8 சதவீதம்.

ரொம்பப் பழைய காரில், ஹோஸைத் தொட்டாலே உடைந்துவிடுமோ என்கிற நிலையில், எனக்குப் பிடித்த வழி இதுதான். காற்று உள்ளே போகாது, எதுவும் உடையாது. ஆனால் டப்பாவின் அடியில் இருக்கும் வலையில் தங்கிய கசடு அப்படியே இருக்கும். தவறான ஆயில் கலந்த காருக்கும் இது போதாது.

புது ஆயில் ஊற்றினால் லீக் வரும், பழசையே விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சரியான ஆயில் நல்ல சீலைக் கெடுக்காது. ஃப்ளஷுக்குப் பிறகு வரும் லீக், பெரும்பாலும் கழற்றி மாட்டிய ஹோஸிலோ, ஏற்கெனவே காய்ந்து கல்லான சீலிலோதான் இருக்கும்.

முழு ஃப்ளஷ்

எஞ்சின் ஆறியிருக்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில், முன்பக்கத்தைத் தூக்கிய பிறகு கியரில் விடுவதோ ஆட்டோமேட்டிக்கில் பார்க் போடுவதோ காரைப் பிடித்து நிறுத்தாது. பூட்டிய சக்கரம் அந்தரத்தில்தான் இருக்கிறது. பிடிப்பது ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் மட்டும்தான். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டிலும் இறக்கி, ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வேலை செய்ய வேண்டாம். சக்கரத்தைத் தூக்குவது ஏன் என்றால், எஞ்சின் ஓடாமல் தரையில் வைத்து ஒடித்தால் மொத்த பாரத்தையும் நம் கைதான் இழுக்க வேண்டும், டயரும் தேயும்.

மூடியைத் திறக்கும் முன் டப்பாவைச் சுற்றி நன்றாகத் துடையுங்கள். மூடியின் ஓரத்தில் ஒட்டிய மண் உள்ளே விழுந்தால் நேரே பம்புக்குத்தான் போகும். பிறகு டப்பாவில் இருப்பதைச் சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள்.

இப்போது ரிட்டர்ன் ஹோஸைக் கண்டுபிடிக்க வேண்டும். டப்பாவில் வழக்கமாக இரண்டு ஹோஸ் இருக்கும். தடியானது பம்புக்கு ஆயில் கொண்டுபோவது. ஒல்லியானது ராக்கிலிருந்து திரும்பி வருவது, அதுதான் நமக்கு வேண்டும். சில கார்களில் டப்பா பம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அங்கே வரும் சாதாரண கிளிப் போட்ட ரப்பர் ஹோஸ்தான் ரிட்டர்ன். நட் போட்டு இறுக்கிய, உலோக முனை உள்ள குழாய் ஹை பிரஷர். அதைத் தொடவே தேவையில்லை.

ஹோஸைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. வருடக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் பிளாஸ்டிக் முனையோடு ஒட்டிப்போயிருக்கும். இழுத்தால் முனை பட்டென்று ஒடியும், அப்புறம் டப்பாவே புதிதாகத் தேட வேண்டும். கிளிப்பைப் பிளையரால் அமுக்கிப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஹோஸைக் கையால் இப்படியும் அப்படியும் திருகுங்கள். ஒட்டு விட்டதும் லேசாகச் சுழலும். அதற்குப் பிறகே மெல்ல வெளியே இழுக்க வேண்டும். திருகியும் அசையாவிட்டால் முனையை ஒட்டிய பகுதியில் ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடுங்கள், முனையில் கோடு விழாமல். அரை அங்குலம் ஹோஸ் போகும், டப்பா பிழைக்கும். கீழே துணி போடுங்கள். பெல்ட் மேலும், கீழே இருந்தால் ஆல்டர்னேட்டர் மேலும் ஆயில் சொட்டக் கூடாது.

டப்பாவைக் கழற்ற முடிந்தால் இப்போதே கழற்றிக் கழுவிவிடுங்கள். பல பேர் தாண்டிப்போகும் இடம் இது. அடியில் நைஸான வலை ஃபில்டர் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழைய காரில் பாதி வலை கறுப்புக் கசடால் மூடியிருப்பது தெரியும். வலை அடைத்தால் பம்புக்கு ஆயில் போதாமல் முனக ஆரம்பிக்கும். பம்ப் போய்விட்டது என்று மாற்றப்படும் கார்களில் சிலவற்றுக்கு இந்த வலையைக் கழுவுவதே போதுமாக இருந்திருக்கும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். வலை கிழிந்திருந்தாலோ, கழுவியும் வெளிச்சம் தெரியாவிட்டாலோ டப்பாவையே மாற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றி முழு சிஸ்டத்தையும் அலசுவது வேண்டவே வேண்டாம். புது ஆயிலாலேயே அலசுவதுதான் ஃப்ளஷ்.

டப்பாவை மாட்டி, ரிட்டர்ன் முனையை ரப்பர் மூடியால் அடைத்து, கிளிப் போட்டு இறுக்குங்கள். ராக்கிலிருந்து வரும் ரிட்டர்ன் ஹோஸோடு உங்கள் டியூபை இணைத்து, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, பாட்டில் சாயாமல் கட்டிவையுங்கள். அழுத்தத்தில் டியூப் துள்ளி வெளியே வந்தால் எஞ்சின் முழுக்க ஆயில்தான். டப்பாவில் புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள்.

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல். சாவியை முதல் நிலைக்குத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை எடுத்துவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக ஒடித்துத் திருப்புங்கள். ராக்கில் தேங்கிய பழைய ஆயில் பாட்டிலுக்கு வருவதைப் பார்க்கலாம். டப்பாவில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருங்கள்.

வருவது குறைந்ததும் எஞ்சினைப் பயன்படுத்தலாம். இங்கே ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போதுகூட பம்ப் நிமிடத்துக்குப் பல லிட்டர் தள்ளும். 400 மில்லி டப்பா கண்மூடித் திறப்பதற்குள் காலியாகும், அடுத்த நொடி பம்ப் காற்றை இழுக்கும். அதனால் ஒருவர் உள்ளே சாவியில் கை வைத்திருக்க, ஒருவர் டப்பாவைப் பார்த்து நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு எண்ணி ஆஃப். டப்பாவை நிரப்பு. மறுபடியும் ஸ்டார்ட். டப்பா ஒருபோதும் கால்வாசிக்குக் கீழே போகக் கூடாது.

தனியாகச் செய்பவர்கள் பெட்ரோல் காரில் ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, பைப்பில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். இதைக் காரைத் தூக்குவதற்கு முன்பே, பழைய ஆயில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பிறகு செல்ஃப் அடித்தால் எஞ்சின் பிடிக்காது, பம்ப் மெதுவாகச் சுற்றும், ஆயில் நிதானமாக வெளியேறும். ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் மோட்டார் ஆற நேரம் கொடுங்கள். நான் ஆள் துணை இருந்தாலும் இந்த வழியைத்தான் சிபாரிசு செய்வேன். பம்ப் காய்ந்து ஓடும் ஆபத்து இதில் ரொம்பக் குறைவு.

டியூபில் வருவதைக் கவனியுங்கள். முதலில் கறுப்பு, அப்புறம் பழுப்பு, பிறகு தெளிவு. தெளிவாக வரத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் இன்னும் சில தடவை முழுசாக ஒடித்தால் ராக்கின் மறுபக்கத்தில் தங்கியது வெளிவந்து நிறம் மறுபடி கொஞ்சம் மங்கும். அதற்குப் பிறகும் தெளிவாகவே வந்தால்தான் முடிந்தது. ரிட்டர்ன் ஹோஸைத் திரும்ப டப்பாவில் மாட்டி, கிளிப்பைப் பழைய தடத்தில் சரியாக உட்கார வையுங்கள். ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்திருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் திரும்பப் போட மறக்காதீர்கள்.

காற்றை வெளியேற்றுவது

ஃப்ளஷ் அரை மணி நேர வேலை என்றால் இதற்கும் அவ்வளவு நேரம் ஒதுக்குங்கள். ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால்தான் காற்று இருந்தால் ஸ்டீயரிங் விட்டுவிட்டுப் பிடிக்கிறது, பம்ப் கத்துகிறது. அதோடு பம்புக்குள் மசகு போடும் வேலையும் அதே ஆயிலுடையது. நுரையால் அதைச் செய்ய முடியாது.

ஆயிலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க டப்பாவில் போட்டிருக்கும் குளிர் கோட்டுக்கு நிரப்பி, முன்சக்கரம் அந்தரத்தில் இருக்க, எஞ்சின் ஓடாமல், மூடியைத் திறந்தோ லேசாக வைத்தோ, ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாக 20 தடவை ஒடியுங்கள். டப்பாவில் சின்னச் சின்னக் குமிழி வந்து உடைவதைப் பார்க்கலாம். அளவு குறையும், ஊற்றிக்கொள்ளுங்கள். குமிழி நின்ற பிறகே அடுத்த கட்டம். வேகமாக ஒடித்தால் காற்று ஆயிலோடு கடையப்பட்டு நுரையாகிவிடும். நுரையான பிறகு அது வெளியேற நேரம் பிடிக்கும்.

அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஒரு நிமிடம், ஸ்டீயரிங்கைத் தொடாமல். பிறகு மெதுவாக இருபக்கமும் ஒடியுங்கள். கோடிக்குப் போனதும் அங்கேயே அமுக்கிப் பிடிக்காதீர்கள். அந்த இடத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மிதமிஞ்சிய அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறந்து அதே ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச் சட்டென்று கொதிக்கும். தொட்டவுடன் திரும்பிவிடுங்கள், 5 நொடிக்கு மேல் என்றும் பிடிக்க வேண்டாம், கார் ஓட்டும்போதும் இதே விதிதான்.

காற்று போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள நல்ல சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். உள்ளே காற்று இருந்தால், அழுத்தம் போனதும் அது விரிந்து ஆயிலை மேலே தள்ளும். மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் இன்னும் காற்று இருக்கிறது. ஆயில் பால் கலந்தது போல் வெளிறித் தெரிந்தாலும் அப்படித்தான். எஞ்சினை நிறுத்தி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். நுரை தானாக அடங்கும், பிறகு முதலிலிருந்து கையால் ஒடிப்பது. காற்றை உறிஞ்சும், கையால் இயக்கும் வேக்கும் பம்ப் வைத்திருப்பவர்கள் டப்பாவின் வாயில் அடைத்து இழுத்துவிட்டால் பிடிவாதமான காற்றும் வந்துவிடும்.

காரை இறக்கி, தரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது இருபக்கமும் ஒடித்துப் பாருங்கள். கழற்றிய இடங்களை டார்ச் அடித்துத் துணியால் தொட்டுப் பாருங்கள்.

முதல் வாரம்

கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடானதும் சூட்டுக் கோட்டில் பாருங்கள், மறுநாள் காலை குளிர் கோட்டில் பாருங்கள். சூட்டில் ஆயில் விரியும் என்பதால்தான் இரண்டு கோடு. குளிரில் இருக்கும்போது சூட்டுக் கோடு வரை ஊற்றிவிட்டால் மூடி வழியாக வழிந்து பெல்ட்டில் கொட்டும். அதிகமானதைச் சிரிஞ்சால் எடுத்துவிடலாம்.

எடுத்த பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். கூலண்ட், பிரேக் ஆயில் எதனோடும் கலக்காமல் தனி பாட்டிலில் மூடி, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள். ஆயிலின் பெயர், தேதி, கிலோமீட்டர் மூன்றையும் ஒரு டேப்பில் எழுதி டப்பாவின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பின்னால் குறையும்போது எதை ஊற்றுவது என்ற கேள்வியே வராது. கையேட்டில் கெடு இல்லாத காருக்கு 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது என் பழக்கம். ஆயில் அதற்கு முன்பே கறுத்தால் முன்பே.

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு மூன்று நாள் கழித்து முனகலும் நுரையும் திரும்பி வந்தால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடியான ஹோஸைச் சந்தேகப்படுங்கள். அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் லீக் எதுவும் கண்ணில் படாது. பழைய ஹோண்டாக்களில் பம்பின் வாயிலில் இருக்கும் சின்ன ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து இதே தொல்லை தருவது தெரிந்த விஷயம். ஓ-ரிங்கும் கிளிப்பும் புதிதாகப் போட்டு, மறுபடி காற்றெடுங்கள். அதற்கும் சத்தம் அடங்காமல், ஆயிலிலும் உலோக மினுமினுப்பு தெரிந்தால், பம்பைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.